சொம்பு தளும்பாத வண்டி

நெல்லிமலைக்கு ஏறுகிற சாலையில் அப்போது ஐம்பத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. அடிவாரத்துக் காரைப்பட்டியில் பழைய கார் வாங்குகிறவர்கள் யாரும் பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை, கிலோமீட்டர் முள்ளை நம்பியதில்லை, ஆர்.சி. புத்தகத்தைக்கூடக் கடைசியில்தான் கேட்டார்கள். ஒரு பித்தளைச் சொம்பில் விளிம்பு தொடத் தண்ணீர் நிரப்பி, முன் சீட்டுகளுக்கு நடுவே ஒரு சும்மாட்டின் மேல் வைத்து, ஐந்து ஆளும் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றி, மலை உச்சிவரை ஓட்டிப்போய், சொம்பில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். கால் சொம்பு வண்டி என்றால் ஆட்டுக்கும் பலாப்பழத்துக்கும் ஆகும், அரைச்சொம்பு என்றால் குடும்பத்துக்கு ஆகும், முக்கால் சொம்பு வண்டியைக் கண்டவர்கள் எங்கள் ஊரில் மூன்றே பேர், அதில் இரண்டு பேர் பொய் சொல்கிறவர்கள்.

இந்தச் சோதனைகளில் எடைக்காக ஏற்றப்படும் ஆள் நான். தொண்ணூற்றாறு கிலோ. பெயர் சின்னத்தம்பி என்று வைத்த என் அப்பா என்னை வளர்ந்த பிறகு பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். ஒன்பதாம் வளைவில் டீக்கடை வைத்திருந்தேன். வண்டி வாங்க வருகிறவர்கள் என்னைக் கீழே கூப்பிட்டு அனுப்புவார்கள், நான் பின் சீட்டில் ஏறி உட்கார்வேன், வளைவுக்கு வளைவு பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வேன், அவர் திட்டுவார், உச்சியில் இறங்கிப் பஜ்ஜி தின்றுவிட்டு வருவேன். இருபது வருஷமாக இதுதான் என் உபதொழில்.

எங்கள் மலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிரசவத்துக்குக் கீழே கொண்டுபோகும் வழியில் பிறந்துவிடும் பிள்ளைகளுக்கு, எந்த வளைவில் பிறந்ததோ அந்த எண்ணே பெயர். அப்படிப் பிறந்தவன்தான் டிரைவர் பதினேழு. ரேஷன் கார்டிலும் அவன் பெயர் பதினேழுதான், லைசன்ஸிலும் அதேதான். கோபம் வந்தால் மட்டும் அவன் பெண்டாட்டி அவனைப் பதினாறு என்று கூப்பிடுவாள்.

இருபத்து மூன்றாம் வளைவிலும் ஒரு பிள்ளை பிறந்தது. மிளகு வியாபாரம் செய்யும் தங்காயி அக்காவின் தலைச்சன், பெண்பிள்ளை. முப்பது வருஷத்துக்கு முன்னால், சூடேறி நின்றுபோன ஜீப்பில் பிறந்து, ஜீப் மறுபடி கிளம்புகிற வரைக்கும் உயிரோடு இருந்து போய்விட்டது. வளைவின் உள்பக்கம் இருந்த நாவல் மரத்தடியில் புதைத்து, தேங்காய் அளவுக் கல் ஒன்றை வைத்தார்கள். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் தங்காயி அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள், வேறொன்றும் செய்யமாட்டாள். ஆறு வருஷம் கழித்துப் பிறந்த கோகிலாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று ஊரையே கேட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தால்கூட உச்சிவரை தெரிந்துவிடும் எங்கள் ஊர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கோகிலா இப்போது எட்டு மாத வயிற்றோடு மலை உச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வலி எடுத்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது, கூப்பிட்டால் வண்டி மேலே வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று தங்காயி அக்கா ஒரு பழைய கார் வாங்க முடிவு செய்தாள். புரோக்கர் குழந்தைவேலு இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று பச்சை, டீசல், பன்னிரண்டு வருஷம் ஓடியது. இன்னொன்று வெள்ளை, பெட்ரோல், அதைவிட ஐந்து வருஷம் மூத்தது.

"ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே சொம்புல பாத்துரலாம்" என்றாள் தங்காயி அக்கா. "பதினேழு ஓட்டட்டும். என் பொண்ணு இதுல படுத்துக்கிட்டு வரணும்னு நெனச்சு ஓட்டுடா."

காலையில் முதலில் பச்சையை ஏற்றினோம். பதினேழு ஓட்ட, குழந்தைவேலு முன்னால் உட்கார, பின்னால் தங்காயி அக்காவும் நானும் எடைக்கு வந்த இன்னொருவரும். பச்சைக்கு ஸ்டியரிங் கனம், பதினேழின் புஜம் புடைத்தது, ஆனால் திருப்பிய இடத்துக்கு ஒழுங்காகத் திரும்பியது, பிரேக் மிதித்தால் மிதித்த இடத்தில் நின்றது. மூச்சுதான் இல்லை. ஒன்பதாம் வளைவு ஏற்றத்தில் என் கடைக்கு எதிரே முதல் கியருக்கு இறங்கி, கரும்புகை கக்கி, பின்னால் வந்த பஸ்காரன் என் டீயையும் சேர்த்துத் திட்டும்படி முனகிக்கொண்டு ஏறியது. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. சொம்பில் பாதி இருந்தது. அரைச்சொம்புக்கு என்ன சொல்ல இருக்கிறது?

பச்சையிலேயே கீழே வந்து, சொம்பை நிரப்பி வெள்ளையில் ஏறினோம். கிளப்பின உடனே தெரிந்தது, எஞ்சின் அப்படி ஒரு லேசு. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று பதினேழு சிரித்தான். ஸ்டியரிங் மட்டும் அரைச்சுற்று சும்மா சுற்றுகிறது என்றான். "பழகிரும்ப்பா, எல்லாம் பழகிரும்" என்றார் குழந்தைவேலு.

முதல் வளைவு வந்தது, பதினேழு திருப்பினான், நான் வழக்கம்போலத் தங்காயி அக்கா மேல் சாயத் தயாரானேன், சாயவில்லை. இரண்டாம் வளைவு வந்தது, திருப்பினான், சாயவில்லை. மூன்றாம் வளைவிலும் நான்காம் வளைவிலும் நான் சாயவில்லை, தொண்ணூற்றாறு கிலோவும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. இருபது வருஷம் சாய்ந்து பழகிய உடம்புக்கு அதுவே ஒரு மாதிரி பயமாக இருந்தது. ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரிலேயே ஏறியது. ஒன்பதாம் வளைவில் என் கடையைப் பார்க்கத் தலையை நீட்டினேன், கடையைக் காணோம். அதற்குள் தாண்டிவிட்டோமா என்று நினைத்துக்கொண்டேன். சொம்பு தளும்பவே இல்லை. குழந்தைவேலுவின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது, திறந்தபடியே நின்றது.

இருபத்திரண்டாம் எண் பலகையைத் தாண்டியபோது தங்காயி அக்கா முந்தானையைப் பிடித்தபடி எதற்கோ பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அலறினாள். இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள்.

"நிறுத்துடா! இதுக்கு மேல ஒரு அடி போகக்கூடாது!"

இறங்கிப் பார்த்தோம். எங்களுக்குப் பின்னால் சாலை கயிறு பிடித்துக் கட்டியதுபோல நேராகக் காரைப்பட்டிவரை இறங்கிக் கிடந்தது. இருபத்திரண்டு வளைவுகளில் ஒன்றுகூட இல்லை. பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்தில் மணி என்ன என்றுகூடத் தெரிந்தது, பதினொன்று இருபது. மலை செங்குத்தாகவும் ஆகவில்லை. சாலைக்கு வழி விட்டுக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவே. பதினேழு வண்டிக்கடியில் நுழைந்தான். வெளியே வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் ஒட்டே இல்லண்ணே. நடுவுல இருக்கற ராடே இல்ல. இத்தன நேரம் நான் சும்மா சுத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

"சத்தியமா நேத்து இருந்துச்சுப்பா" என்றார் குழந்தைவேலு. எடைக்கு வந்த இன்னொருவர் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். திருப்ப முடியாத வண்டியை யார் இறக்குவது? அதை அங்கேயே ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே கீழே போனோம். முக்கால் மணி நேரத்தில் போய்ச்சேர்ந்தோம், அது வேறு அதிர்ச்சி.

என் கடை சாலையிலிருந்து அரை பர்லாங் உள்ளே, உண்ணிச்செடிப் புதருக்கு நடுவில் இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பால் பொங்கி வழிந்திருந்தது, கையில் கிளாஸோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "ரோடு எங்கண்ணே?" என்றார் ஒருவர். நான் அழுதுவிட்டேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு வாரம் மலையே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வளைவுகளில் வண்டி மெதுவாகும்போது வாழைப்பழம் வாங்கித் தின்று பழகிய குரங்குகள் நேர்ச்சாலையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து, மெதுவாகாமலே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாலை அளக்க வந்தவர் மூன்று முறை அளந்தார். பதினான்கு கிலோமீட்டர் இருந்த இடத்தில் மூன்றுதான் வந்தது. டேப்பைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. பாவம் பதினேழுதான். பிறந்தநாள் தோறும் அம்மா கூட்டிப்போய்க் காட்டிய வளைவு இல்லை, பலகை மட்டும் நேர்ச்சாலையில் நின்றது. இரண்டு நாள் யார் கூப்பிட்டாலும் அவன் திரும்பவில்லை. இருபத்திரண்டுக்குக் கீழே எண் உள்ளவர்கள் மொத்தம் ஏழு பேர் மாரியம்மன் கோயிலில் கூடிப் பேசி, வளைவு போனாலும் பெயர் செல்லும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கப்புறம்தான் பதினேழு சாப்பிட்டான்.

எட்டாம் நாள் ஊர் பழகிவிட்டது. பழகியதோடு விட்டால் பரவாயில்லை, ஆசையும் வந்துவிட்டது. வெள்ளை வண்டிக்கு யாரோ மாலை போட்டார்கள், யாரோ சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், உள்ளே இருந்த சொம்பை ஒருவரும் தொடவில்லை, அதில் ஒரு சொட்டு வற்றவும் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்காக நான் பக்கத்திலேயே புதுக்கடை போட்டேன். மிச்சமிருக்கிற முப்பத்து இரண்டையும் எடுத்துவிட்டால் அன்னாசி அழுகாமல் சந்தைக்குப் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாந்தி எடுக்க மாட்டார்கள் என்று ஊரே பேசியது. பேசியவர்களில் நானும் ஒருவன். ஆனால் வண்டியைச் சோதிக்க எடுத்தவர் சோதனையை முடிக்கும்வரை வேறு யாரும் அதைக் கிளப்பக்கூடாது என்பது காரைப்பட்டிக் கட்டுப்பாடு. குழந்தைவேலு சாவியைக் கொடுத்தது தங்காயி அக்காவிடம். அவளோ பச்சை வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திக்கொண்டு, வெள்ளையின் சாவியை மிளகு டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

ஊர்ப் பெரியவர்கள் போய்க் கேட்டார்கள். "உன் மவளுக்குத்தான் நல்லது தங்காயி. ஒரு தடவ ஏத்திட்டா போதும்."

"பச்சை போதும்" என்றாள்.

"அரைச்சொம்பு வண்டிம்மா அது."

"அரைச்சொம்பு போதும்."

விவரம் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். விவரம் தெரியாத கோகிலா, "அம்மாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்திங்க" என்று சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். திரும்பும்போது தங்காயி அக்கா என் பின்னால் வந்து, சாவியை என் கையில் வைத்தாள். "ஊட்டுல இருந்தா யாராச்சும் எடுத்துருவாங்க தம்பி. நீதான் ஓட்டத் தெரியாதவன். நீ வச்சுக்க." அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவன்தான், எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இருபது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோகிலாவுக்கு வலி எடுத்தது, வலியோடு ரத்தமும் வந்தது. மேலே இருந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "அரை மணி நேரத்துல கீழ இருக்கணும்க்கா, அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்று சொன்னாள். பச்சை வண்டியில் படுக்கவைத்துப் பதினேழு கிளம்பினான். ஐம்பத்து நான்காம் வளைவில் கோகிலா சீட்டிலிருந்து சரிந்தாள். ஐம்பத்து மூன்றில் அவள் போட்ட சத்தத்தில் பதினேழு தன்னை அறியாமல் பிரேக்கில் காலை வைத்து, ஐம்பத்து இரண்டாம் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டான். இன்னும் முப்பது வளைவு. குறைந்தது நாற்பது நிமிஷம்.

என் போன் அடித்தது. தங்காயி அக்கா.

"தம்பி, சாவி இருக்கா?"

"இருக்குக்கா."

"வெள்ளைய ஏத்திக்கிட்டு வா."

"அக்கா, எனக்கு ஓட்டத் தெரியாதே."

"அதுல ஓட்ட என்ன இருக்கு? கால வச்சு மிதி, அதே வரும்."

நான் சொல்லியிருக்கக்கூடாது, ஆனால் சொன்னேன். "அக்கா, அடுத்தது இருபத்துமூணுக்கா."

போனில் கோகிலா முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா குரல் வந்தது, யாரோ வேறொருத்தி பேசுவதுபோல இருந்தது. "தெரியும்டா. அங்க நிக்காத. பாக்காத. வா."

மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் எடுக்காமலே ஏறினேன். கிளப்பினதும் வண்டி குதித்தது, பிறகு தானே நிதானித்தது. நேரே முன்னால் நாவல் மரம் தெரிந்தது, அடியில் கல் தெரிந்தது, சாலை அதைச் சுற்றிக்கொண்டு போனது. ஸ்டியரிங் வேலை செய்யாத வண்டியில், வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுகிறவன், தொண்ணூற்றாறு கிலோ, நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு மிதித்தேன். இடிக்கும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் இடிக்கவில்லை, ஒரு கூழாங்கல்கூடச் சக்கரத்தில் படவில்லை. கண்ணைத் திறந்தபோது முன்னால் சாலை நேராக இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வளைவுக்கு வளைவு பலகை வந்தது, வளைவு வரவில்லை. ஆறு நிமிஷத்தில் பச்சை வண்டிக்கு எதிரே போய் நின்றேன். பதினேழு தரையில் நின்றுகொண்டு தன் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். வளைவில் நிறுத்திய வண்டி நேர்ச்சாலையில் நிற்கிறது, அவன் என்ன செய்வான்? வெள்ளை தானாக அணைந்தது. மறுபடி அது கிளம்பவே இல்லை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, அதற்கு மேலே இருக்கும் இரண்டு வளைவுகளும் அப்படியே இருக்கின்றன. கோகிலாவை மாற்ற நேரமில்லை. திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தது பச்சைதான். பழக்கதோஷத்தில் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு பச்சையின் முன் சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன். பதினேழு வண்டியை விட்டான்.

அந்தக் கிழட்டு டீசல் அப்படி ஓடியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டி ஆடவில்லை, அசையவில்லை. கோகிலாவின் தலை அம்மா மடியில் இருந்தது. தங்காயி அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரே மாதிரி புதர், ஒரே மாதிரி பாறை, எங்கேயும் நாவல் மரம் இல்லை. எந்த இடத்தில் செருகிக்கொள்வது என்று தெரியாமல் அந்த முந்தானை அவள் கையிலேயே கிடந்தது. என்னிடம் கேட்பாள் என்று பயந்தேன். கண்ணை மூடியிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

அப்போது வண்டி சாய்ந்தது.

நேர்ச்சாலையில், ஸ்டியரிங்கைப் பதினேழு ஒரு நூல்கூடத் திருப்பாதபோது, பச்சை வண்டி ஒரு பெரிய வளைவில் திரும்புவதுபோல மெதுவாகச் சாய்ந்தது. நான் கதவின் மேல் சாய்ந்தேன். அக்கா கோகிலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மடியிலிருந்த சொம்பு, ஐம்பது வளைவுக்கு மேல் தளும்பாத சொம்பு, சரியாகப் பாதி என் வேட்டியில் கொட்டியது. பிறகு வண்டி நிமிர்ந்தது.

பதினேழு ஸ்டியரிங்கை விட்டுவிடுவதுபோலப் பார்த்தான். "நான் திருப்பலக்கா. சாமி சத்தியமா நான் திருப்பல."

"தெரியும்" என்றாள் தங்காயி அக்கா. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

கோகிலா வலியிலேயே கேட்டாள். "நேர் ரோட்டுல எதுக்கும்மா சாயுது?"

முப்பது வருஷம் ஊரே மூடி வைத்திருந்ததைத் தங்காயி அக்கா ஒரே வரியில் சொன்னாள். "உங்கக்கா இருக்கா இங்க."

கோகிலா அம்மாவையே பார்த்தாள். அடுத்த வலி வந்தது, அது போனது, அப்போதும் அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதும் அவள் கண் கொட்டவில்லை. பதினொன்றே முக்காலுக்குப் பெண்குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ, தாயும் பிள்ளையும் சுகம். எண் எதுவும் அதற்கு இல்லை.

அதற்குப் பிறகு நெல்லிமலை ஏறி முழுச்சொம்போடு வந்த வண்டி கிடையாது. சாலை கண்ணாடி மாதிரி கிடக்கிறது, புது வண்டிகள் வருகின்றன, லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள், எதுவாக இருந்தாலும் அந்த ஒரு இடத்தில் சாய்ந்து பாதியைக் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பஸ் கண்டக்டர் அங்கே வந்ததும், "பிடிச்சுக்கங்க, பிடிச்சுக்கங்க" என்று வழக்கமாகக் குரல் கொடுக்கிறார், வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், பிறகு சிரிப்பதில்லை. காரைப்பட்டியில் எல்லா வண்டியும் இப்போது அரைச்சொம்பு வண்டிதான்.

பதினோராம் நாள் கோகிலாவையும் குழந்தையையும் பச்சையில் அழைத்து வந்தோம். குழந்தைக்கு ஆடாமல் இருக்கக் கனம் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தங்காயி அக்கா அலுப்பில் தூங்கிவிட்டாள், பாதி வழியில் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. எதிரே சாலை நேராக, வெறுமையாக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கிடந்தது. பின் சீட்டிலிருந்து கோகிலா மெதுவாகச் சொன்னாள்.

"பாத்துப் போங்கண்ணே, வளைவு வருது."

பதினேழு கியரைக் குறைத்தான்.